டோல்கீன் வினாவும் நான் விட்ட வெற்றுத் தாளும்

முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. எழுபத்தைந்துக்கு 57. போன முறை இதே தாளில் 29. இடையில் புதிதாக ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. எழுதும் விதத்தைத்தான் மாற்றினேன். முதுகலை ஆங்கிலத்தில் மிகுபுனைவு (ஃபேண்டஸி) தாளை விருப்பப் பாடமாக எடுத்துவிட்டு, 'இந்த எழுத்தாளரின் எழுத்து வாழ்க்கையை மதிப்பிடுக' என்ற பதினைந்து மதிப்பெண் வினாவுக்குப் பயப்படுகிறவர்களுக்காக இது.

முதல் முறை நான் கதை சொன்னேன். வினா டோல்கீனைப் பற்றி; நானோ அவருடைய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் கதையை எழுதினேன். மோதிரத்தைச் சுமந்துகொண்டு நாயகன் ஃப்ரோடோ எரிமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது பக்கம் ஓடிவிட்டது. மூன்று படங்களையும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்த திமிர். கேட்டது எழுதியவரைப் பற்றி. அந்த ஒன்பது பக்கத்தில் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணமும் போயிற்று.

எனக்குப் புத்தி வந்தது நான் வேலை செய்யும் பள்ளியில் அரையாண்டு விடைத்தாள் திருத்தும்போது. நாற்பதாவது கட்டில் ஒரு பையன் ஒரு பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டிருந்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் படித்தும் உறைக்காத ஒன்று உறைத்தது. டோல்கீனும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், நான்கு பிள்ளைகள், சம்பளம் போதாமல் கோடை விடுமுறையில் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுத் தாள்களைத் திருத்தினார். ஒரு மாணவன் எழுதாமல் விட்ட பக்கத்தில், வளைக்குள் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்று ஒரு வாக்கியம் கிறுக்கினார். ஹாபிட் என்றால் என்னவென்று அவருக்கே அப்போது தெரியாது.

ஆகவே என் ஒரே உபாயம் இதுதான்: திருத்துகிறவர் களைத்துப்போயிருக்கிறார். நாலரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் பிறகு இரண்டு வரி இடம் விடுங்கள். கூடுதல் தாள் கேட்டு எழுந்து நிற்பவர்களைப் பார்த்துப் பதற்றப்படாதீர்கள்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட இடைவெளிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிறுக்கல் வாக்கியத்திலிருந்து வளர்ந்த 'தி ஹாபிட்' 1937. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் தொகுதி 1954. நடுவில் பதினேழு ஆண்டுகள். ஏன்? இந்த ஒரு 'ஏன்'தான் விடை முழுவதும். பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டதும் 1937 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டார். பிள்ளைகளுக்கான கதையாகக் கிளம்பியது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது. போர் வந்தது, வேலை அழுத்தியது, முடித்தபோது 1949. பிறகு, தன் புராணத் தொகுப்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வேறு பதிப்பகத்துக்குப் போய், அதுவும் சரிப்படாமல் 1952இல் 'ஹாபிட்'டை வெளியிட்ட ஆலன் அண்ட் அன்வினிடமே திரும்பினார். அங்கே இருந்தவர் பதிப்பாளரின் மகன் ரெய்னர் அன்வின். பத்து வயதில் ஒரு ஷில்லிங் கூலிக்கு 'ஹாபிட்' கையெழுத்துப் பிரதியைப் படித்துச் சொன்ன அதே பையன். ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அச்சிட்டார்கள். செலவு மீளும் வரை ராயல்டி கிடையாது, மீண்டபின் லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம். கஞ்சத்தனமாகத் தெரிந்த அந்த ஒப்பந்தம்தான் அவரைப் பணக்காரர் ஆக்கியது. இதை எழுதிய இடத்தில்தான் எனக்கு மதிப்பெண் விழுந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

மற்றவை, சுருக்கமாக:

- 'முத்தொகுதி நாவல்' என்று எழுதாதீர்கள். ஒரே நாவல், காகித விலைக்குப் பயந்து மூன்றாகப் பிரித்தார்கள்.
- மோதிரம் அணுகுண்டு என்று எழுதினால் போச்சு. உருவகக் கதை இல்லை என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே மறுத்திருக்கிறார்.
- 1965 கட்டாயம்: அமெரிக்காவில் ஏஸ் பதிப்பகம் அனுமதியில்லாமல் மலிவுப் பதிப்பு போட்டது, பாலன்டைன் அதிகாரபூர்வப் பதிப்பைக் கொண்டுவந்தது. கல்லூரி மாணவர்கள் வாங்கிக் குவித்தபோது ஆசிரியர் எழுபதைத் தாண்டியிருந்தார்.
- அந்தப் புராணத் தொகுப்பு, 'சில்மரில்லியன்', வெளிவந்தது 1977. அவர் இறந்தது 1973. அதைத் தொகுத்து வெளியிட்ட மகன் கிறிஸ்டோபர் பெயரை விடாதீர்கள்.
- கூட்டுப் படிப்பு வேண்டாம். எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கும் வராது.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல், விடையில் எழுத அல்ல. 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு உதவித்தொகைத் தேர்வில் டோல்கீன் தோற்றார். காதலால் படிப்பு கெடுகிறது என்று பாதுகாவலரான பாதிரியார், இருபத்தொரு வயது வரை காதலி எடித்துடன் பேச்சே கூடாது என்றார். அடுத்த ஆண்டு தேறினார், அதுவும் சிறிய உதவித்தொகைதான். 1913இல் செவ்வியல் மொழித் தேர்வில் இரண்டாம் வகுப்பு. ஆனால் ஒப்பியல் மொழியியலில் மட்டும் ஆல்ஃபா, அதாவது உச்சத் தரம்; அதைப் பார்த்துத்தான் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 1915இல் முதல் வகுப்பு.

எனக்கு மொழி வரலாற்றுத் தாளில் 38. அதைப் பற்றி என்னிடம் யாரும் யோசனை கேட்க வேண்டாம்.