தராசில் ஏறிய கிராணி

14 அக்டோபர் 2024, திங்கள்

ஈப்போ போய்விட்டு சுங்கை சிப்புட் திரும்ப மணி மூன்றாகிவிட்டது. எக்கோ என்ற இதய ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் 35 சதவீதம் என்றார். இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில், ஒரு துடிப்புக்கு வெளியே போகும் பங்கு அது. 50க்கு மேல் இருக்க வேண்டுமாம். ரப்பர் மரத்துப் பாலில் ரப்பர் 35 சதவீதம் இருந்தால் நல்ல பால் என்று, தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கராக, 32 வருஷம் எழுதிய கை இது. கெட்ட எண்ணாகவே தெரியவில்லை.

தாதி கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, பசியாறும் முன் எடை பார்த்து அதில் போட வேண்டும். கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்றும் கேட்கும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். மலாயும் ஆங்கிலமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. நான் சமாளித்துக்கொள்வேன்.

17 அக்டோபர்

64.2. பச்சை விளக்கு. அவ்வளவுதான்.

22 அக்டோபர்

மருந்து எடுக்க நின்றபோது எங்கள் பழைய தோட்டத்து அம்மா ஒருவரைப் பார்த்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவருக்கும் இதே இதய நோய்.

“அப்ப நீங்க எங்க பால நிறுத்தீங்க. இப்ப உங்களையே நிறுக்குறாங்களா கிராணி ஐயா?” என்று சிரித்தார்.

அவர் கைப்பேசியிலும் செயலி இருக்கிறது, திறப்பதில்லை. மளிகைக்கடை காலண்டரில் நாள்தோறும் எடையைக் கிறுக்கி வைக்கிறார். வாரம் ஒருமுறை பேத்தி அதைப் படம் பிடித்துப் பதிவு செய்கிறாள். நேரே போட்டால் என்ன என்று கேட்டேன்.

“காலண்டர்ல எழுதுனா என் கண்ணு முன்னால இருக்கு. அதுல போட்டா எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, நான் என்ன எண் எழுதுகிறேன் என்று தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பக்கத்தில் இருந்த முன்னாள் லாரி ஓட்டுநர் செயலியை அழித்தே விட்டாராம். எண்ணைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறதாம்.

31 அக்டோபர், தீபாவளி

64.3. ஆட்டிறைச்சி பிரட்டல், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு. எனக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் 1.5 லிட்டர்தான். அந்தக் கணக்கு மதியத்திலேயே தொலைந்தது.

2 நவம்பர், சனி

தராசு காட்டியது 65.8. நான் போட்டது 64.5.

ஏன் என்றால், தாதி கூப்பிட்டுக் கேட்பார், மகன் காதுக்கும் போகும். பேரப்பிள்ளைகள் இருக்கும்போது எதற்கு இந்தப் பஞ்சாயத்து?

அப்போதெல்லாம் எடை கூட்டப் பாலில் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. பாலின் அடர்த்தி பார்க்கும் மெட்ரோலாக் கருவியை மிதக்க விட்டால் தெரிந்துவிடும். ஒரு பேச்சில்லாமல் குறைத்து எழுதுவேன். அவர்கள் கூட்டினார்கள், நான் குறைக்கிறேன். மறைத்தது என்னவோ இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

3 நவம்பர், ஞாயிறு

66.6. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. இரவு மூன்று தலையணை. இந்த முறை உள்ளதை உள்ளபடி போட்டேன். திரை சிவந்தது: கிளினிக்கை அழைக்கவும், மூச்சுத்திணறல் கடுமையானால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லவும்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் யார் இருக்கிறார்கள்? கூவுவதற்கு ஒரு யந்திரம் வைத்தார்கள், கேட்பதற்கு ஆள் வைக்கவில்லை. எனக்கு இதில்தான் கோபம். போட்ட எண் எங்கே போகிறது என்று அந்த அம்மா கேட்டது ஒன்றும் பட்டிக்காட்டுக் கேள்வி இல்லை.

உட்கார்ந்தால் மூச்சு சரியாக இருந்தது. மோசமானால் உடனே கிளம்ப வேண்டும் என்று மகன் கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹாலிலேயே படுத்தான்.

4 நவம்பர், திங்கள்

எட்டேகாலுக்குத் தாதி அழைத்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு, உடம்பில் சேர்ந்த நீரை இறக்கும் தண்ணி மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டிப் போடச் சொன்னார். வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனை. அப்புறம் சற்றுத் தயங்கினார்.

“சனிக்கிழமை 64.5, மறுநாள் 66.6ன்னு இருக்கே ஐயா. ஒரே நாள்ல ரெண்டு கிலோவா? தராசு கெட்டுப்போச்சா?”

“தராசு நல்லாத்தான் இருக்கும்மா. நான்தான் பால்ல தண்ணி கலந்துட்டேன்.”

டவுனில் வளர்ந்த பிள்ளை.

“பாலா? எத்தனை கிளாஸ் குடிச்சீங்க ஐயா?”