போயா நாளிலும் நிற்காத கோடு

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் ஆகியவற்றை மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு, விற்பனையை வரைபுகளாகக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். எந்த வரைபுக் கருவி என்ற கேள்வி ஒரு மாலையில் தீர்ந்துவிட்டது. மீதிக் காலமெல்லாம் தரவுத்தளத்தோடுதான் போனது.

2011இல் வெளிவந்த டி3யைக் கொண்டு எதையும் வரையலாம். ஆனால் அச்சுக் கோடு தொடங்கி எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டும். அப்பாச்சியின் ஈசார்ட்ஸில் வசதிகள் ஏராளம். கடைக்கோ பட்டை வடிவச் சலாகையும் கோடும் போதும். ஆகவே வரைபுக்குச் சார்ட்.ஜேஎஸ், தரவுக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இரண்டும் திறந்த மூலம், அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், சந்தா கிடையாது என்றேன். முதலாளி நம்பவில்லை. "சும்மா தருகிறவன் பிறகு வந்து கேட்பான், தம்பி." சார்ட்.ஜேஎஸை இலவசமாகப் பயன்படுத்த அனுமதி தரும் எம்ஐடி உரிமத்தை வரி வரியாகச் சொல்லிக் காட்டிய பிறகே தலையாட்டினார்.

முதல் சலாகை வரைபிலேயே ஒரே வெங்காயம் மூன்று சலாகைகளாக நின்றது: பம்பாய் வெங்காயம், பெரிய வெங்காயம், சிங்களத்தில் லொக்கு லூனு. பழைய பில் மென்பொருள் பொருளின் பெயரை வெறும் எழுத்தாக வாங்கிக்கொண்டிருந்தது; பில் போடுபவர் வாயில் வந்ததை அடித்திருக்கிறார். பொருட்களுக்குத் தனி அட்டவணை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பில்லில் அந்த எண்ணை மட்டும் வைத்தேன். அட்டவணையில் இல்லாத எண் வந்தால் தரவுத்தளமே மறுத்துவிடும். பழைய பெயர்களைப் பொருத்துவதற்குக் கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. "சின்னது" என்று மட்டும் இருந்த வரிகள் சின்ன வெங்காயமா, சிறிய உருளைக்கிழங்கா என்பதை விலையைப் பார்த்தே சொன்னார். அந்த அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை.

அடுத்து முதலாளி ஒரு கோட்டைத் தொட்டுக் கேட்டார்: "போயாவன்று கடை பூட்டு. இதில் ஏன் கோடு நிற்காமல் ஓடுகிறது?" போயா என்பது பௌர்ணமி விடுமுறை. நியாயமான கேள்வி. நாள்வாரியாகக் கூட்டும்போது விற்பனையே இல்லாத நாளுக்கு வரியே பிறக்காது. அந்த நாள் அச்சிலும் இருக்காது; முந்திய நாளும் பிந்திய நாளும் ஒட்டிக்கொள்ளும். நாட்களை வரிசையாகத் தரும் போஸ்ட்கிரெஸின் ஜெனரேட் சீரீஸ் மூலம் நாட்காட்டியை முழுதாக உருவாக்கி, விற்பனை இல்லாத நாளும் விடுபடாதபடி அதனோடு விற்பனையை லெஃப்ட் ஜாயின் முறையில் இணைத்தேன். பூட்டிய நாளுக்குச் சுழியம் போடாமல் வெற்று மதிப்பையே விட்டால் சார்ட்.ஜேஎஸ் கோட்டை அங்கே முறித்துக் காட்டும். திறந்தும் விற்காத நாளுக்குத்தான் சுழியம்.

எல்லாவற்றிலும் அதிகம் அலைக்கழித்தது நேரம். விடியுமுன்பே லொறியிலிருந்து மூட்டை இறங்கும், பில்லும் விழும். பழைய மென்பொருள் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமித்திருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். வெள்ளி அதிகாலை 4.45க்குப் போட்ட பில் வியாழன் இரவு 11.15 ஆகிவிடும். மொத்தக் கூட்டுத்தொகை சரியாகவே இருந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை. மாற்றும்போது வெறும் ஐந்தரையைக் கூட்டாமல் 'ஏஷியா/கொழும்பு' என்று நேர வலயப் பெயரையே கொடுப்பது நல்லது. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை வேறு நேரத்தில் ஓடியது; அந்தக் கதையும் வலயப் பட்டியலில் இருக்கிறது.

இதிலேயே இன்னொரு பொறி. அட்டவணையின் நேர நிரலை, அதாவது நேரம் இருக்கும் நெடுவரிசையை, மதிப்பை மாற்றும் சார்பு ஒன்றுக்குள் போட்டு நாளாக்கி வடிகட்டினால், அந்த நிரலில் தேடலை விரைவாக்க இருக்கும் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. தேடல் நடக்கும் விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் அட்டவணை முழுவதையும் வாசிப்பது தெரியும். தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் முதலே யூடிசிக்கு மாற்றி, நிரலை அப்படியே ஒப்பிட்டதும் பக்கம் உடனே திறந்தது.

விலைக் கோட்டின் அச்சு இயல்பாகச் சுழியத்தில் தொடங்குவதில்லை. பத்து ரூபாய் இறக்கம் மலைச்சரிவாகத் தெரிந்தது. விலைக்கு அப்படியே விட்டுவிட்டேன், அவருக்கு அந்தப் பத்து ரூபாய்தான் முக்கியம். நீளமான தமிழ்ப் பெயர்கள் சாய்ந்து விழுந்ததால் சலாகைகளைக் கிடையாகத் திருப்பினேன். எழுத்தையும் படமாகவே கான்வாஸில் வரையும் கருவி என்பதால், எழுத்துரு இறங்கி முடியும்வரை பொறுத்து வரைய வேண்டும். இல்லாவிட்டால் உலாவி கையில் கிடைத்த வேறு எழுத்துருவில் எழுதிவிடும்.

இப்போது செத்தல் மிளகாயை ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறார். பில்லில் ஊர் என்று ஒரு நிரலே கிடையாது.