பட்டறை சர்வர் லாக்ல வந்த பிளாக் மெசேஜ் எல்லாம் எங்க இருந்து வந்துச்சு

ஆத்தங்குடில எங்க மாமாவுக்கு டைல்ஸ் பட்டறை இருக்கு, அங்க பில்லு, ஆர்டர், டிசைன் போட்டோ எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கிறதுக்கு பழைய டெஸ்க்டாப் ஒன்னுல உபுண்டு சர்வர் போட்டுக் குடுத்தேன். நான் இருக்கிறது காரைக்குடி, வாரத்துக்கு ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டு வருவேன். நெட்வொர்க்ல வர்றத வடிகட்டுற ஃபயர்வாலுக்கு உபுண்டு கூடவே வர்ற யுஎஃப்டபிள்யூ. தேவையான போர்ட் (ஒவ்வொரு வேலைக்கும் இருக்கிற நம்பர் போட்ட வாசல்) மட்டும் தொறந்துட்டு மிச்சத்த அடைச்சாச்சு. மூணு நாள் கழிச்சு, அது எழுதி வைக்கிற லாக் ஃபைல தொறந்தா ‘யுஎஃப்டபிள்யூ பிளாக்’னு ஆரம்பிக்கிற வரி ரெண்டாயிரத்துக்கு மேல கெடக்கு, எனக்கு கை ஓடல. மாமா பல வருஷமா கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்தி ஊத்தி சேத்த டிசைன் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, யாரோ உள்ள வரப் பாக்குறாங்கன்னுதான் நெனச்சேன்.

ஃப்ரெண்டு ஒருத்தன்ட்ட கேட்டா லாகிங்க ஆஃப் பண்ணிரு சத்தம் இருக்காதுன்னான். எனக்கு அதுல இஷ்டமில்ல. பிளாக்குன்னு வந்தா அந்த பாக்கெட்ட, அதாவது நெட்வொர்க்ல வந்த தகவல் துண்ட, தடுத்தாச்சுன்னுதான அர்த்தம், தாக்குறாங்கன்னு அதுல எங்கயும் எழுதல, ஆனா யாரு எதுக்கு தட்டுனாங்கன்னு தெரியாம வாய மூட வைக்கிறது சரியில்லன்னு பட்டுச்சு.

சரின்னு ஒரே ஒரு வரிய எடுத்து வச்சுக்கிட்டு துண்டு துண்டா படிச்சேன். எஸ்ஆர்சின்னா அனுப்புனது யாரு, டிஎஸ்டின்னா யாருக்கு, டிபிடின்னா எந்த போர்ட்டுக்கு. என்னைய ரொம்ப குழப்புனது மேக்னு போட்டு நீளமா வர்றதுதான், இப்படி ஒரு மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினோட நெட்வொர்க் கார்டுக்கும் இருக்கிற நம்பர்) உலகத்துலயே கெடையாதேன்னு யோசிச்சேன். அது ஒரு அட்ரஸ் இல்ல, ரெண்டு ரெண்டு எழுத்தா மொத்தம் 14 ஜோடி, மொத 6 ஜோடி போய்ச் சேர வேண்டிய மெஷின், அடுத்த 6 அனுப்புன மெஷின், கடைசி ரெண்டு 08:00 இருந்தா ஐபிவி4 பாக்கெட்டுன்னு அர்த்தம். இது தெரிஞ்சப்புறம்தான் பாதி இருட்டு வெலகுச்சு, ஏன்னா உள்ள இருக்கிற எந்த மெஷின் அனுப்புதுன்னு நடுவுல இருக்கிற 6 ஜோடிய வச்சே புடிச்சிரலாம்.

ரெண்டாயிரத்துல முக்காவாசி ஒரே மாதிரி வரி. அனுப்புறது 192.168.1.1, போறது 224.0.0.1, டிடிஎல் (எத்தன ரவுட்டர் தாண்டலாம்ங்கிற கணக்கு) 1, புரோட்டோ (எந்த வகை பாக்கெட்டுங்கிறது) 2. டிசிபி யுடிபி எல்லாம் பேராவே வருது, இது மட்டும் வெறும் 2ன்னு நம்பரா நிக்கிறதுனால என்னமோ மர்மமான்னு இருந்துச்சு. மல்டிகாஸ்ட்டுக்கு, அதாவது ஒரே தடவ அனுப்பி பல மெஷினுக்குப் போறதுக்கு, யாரு யாரு கேக்குறாங்கன்னு பாக்குற ஐஜிஎம்பியோட நம்பர்தான் 2. ராவும் பகலும் 125 செகண்டுக்கு ஒரு தடவ வருது, அது நம்ம சொந்த ரவுட்டர்தான், மல்டிகாஸ்ட் கேக்குறவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களான்னு எல்லாரையும் பாத்து கேக்குது. டிடிஎல் 1ங்கிறதுனால இந்த நெட்வொர்க்க தாண்டி ஒரு அடி வெளிய போவாது. நம்ம சர்வருக்கு அது தேவையில்ல, அதனால 224.0.0.1க்கு வர்றத லாக் எழுதாம தடுக்கச் சொல்லி தனியா ஒரு ரூல் போட்டேன், லாக் சட்டுனு சுத்தமாச்சு.

வெளி ஐபில இருந்து 443 போர்ட்ட (வெப்சைட்டுங்க பேசுற போர்ட்) விட்டு வர்ற சில வரிங்களும் இருந்துச்சு, ஏசிகே ஃபின், இல்லாட்டி ஆர்எஸ்டின்னு கனெக்ஷன முடிக்கிற குறியோட. அது சர்வர் அப்டேட் எடுக்கிறப்ப பேசி முடிச்ச கனெக்ஷனோட கடைசி பாக்கெட், லேட்டா வந்து சேருது, அதுக்குள்ள ஃபயர்வால் அந்த கனெக்ஷன கணக்குல இருந்து எடுத்துருச்சு. புதுசா உள்ள வரப் பாக்குறதுன்னா கனெக்ஷன ஆரம்பிக்கிற சின்ங்கிற குறி மட்டும் தனியா நிக்கும், அதான் பாக்க வேண்டியது.

அப்படி பாத்தப்பதான் சின் வரி உள்ள இருந்தே மாட்டுச்சு. 192.168.1.14ல இருந்து சர்வருக்கு 9100 போர்ட், கூடவே யுடிபில 161. விடியக்காலைல 4:20ல ஆரம்பிக்குது, 7:30ல நின்னு 8:30க்கு திரும்ப வருது, 12:30க்கு மேல ஒன்னும் இல்ல. விடியக்காலைல பட்டறைய யாரு தொறக்கப் போறா? அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மறுநாள்தான் ஒறச்சுச்சு, சர்வர் டைம் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, ஓடுது, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். 4:20ன்னா காலைல 9:50. 7:30ல இருந்து 8:30ன்னா மத்தியானம் ஒன்னுல இருந்து ரெண்டு, சாப்பாட்டு நேரம். 12:30ன்னா சாயந்தரம் ஆறு.

நேரா கணக்குப்பிள்ளை ஐயா ரூமுக்குப் போய் லேப்டாப்ப வாங்கிப் பாத்தா அதான் .14. போன வருஷம் ரிப்பேராகி எடைக்குப் போட்ட பிரிண்டர் இன்னும் அதுல இருக்கு, அந்த பிரிண்டரோட ஐபி 192.168.1.50, நான் சர்வருக்கு குடுத்த நம்பரும் அதே 50தான், காலியா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன். 9100 பிரிண்டருக்கு பேப்பர் அனுப்புற போர்ட், 161ல வின்டோஸ் பிரிண்டர் உசுரோட இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பாவம் அந்த லேப்டாப், இத்தன நாளா சர்வர பிரிண்டர்னு நெனச்சுத் தட்டிருக்கு.

லேப்டாப்ல பிரிண்டுக்கு காத்து நிக்கிற கியூவ தொறந்தேன், பதினோரு பில்லு அப்படியே நிக்குது. அத கேன்சல் பண்ணி பழைய பிரிண்டரயும் எடுத்துட்டேன். ஐயா கண்ணாடிய மாட்டிக்கிட்டு பக்கத்துல வந்து ஒவ்வொரு பில்லு நம்பரா பேரேட்டோட ஒத்துப் பாத்தாரு.

“தம்பி, இது தேவகோட்டை வீட்டுக்கு முற்றத்துக்குப் போன டைல்ஸ் பில்லுல்ல? நான் அன்னைக்கே பிரிண்ட் குடுத்தேன், பையன் எடுத்துட்டுப் போய்ட்டான்னுல்ல நெனச்சேன். அதான் அவுக இன்னும் பாக்கி அனுப்பல.”

புது பிரிண்டர்ல பதினொன்னையும் திரும்ப எடுத்துக் குடுத்தேன். மறுநாள் பத்து மணிக்கு லாக்க பாத்தேன், .14ல இருந்து ஒரு வரியும் இல்ல. ஐயா அதுக்குள்ள தேவகோட்டை பில்ல கவர்ல போட்டு ஒட்டி பையன்ட்ட குடுத்துட்டாரு.