ஷீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்

எங்கள் கொல்லை தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செம்மண். ஒரே ஒரு கிணறு, மாசி பிறந்துவிட்டால் இரண்டு மணி நேரம் ஓடினாலே மோட்டார் காற்று இழுக்க ஆரம்பித்துவிடும். இதை நம்பி 50 சென்டில் தக்காளி வைப்பதென்றால் வாய்க்காலில் விட்டுக் கட்டுப்படியாகாது, சொட்டு நீர்க் குழாயும் அதன் மேல் பாத்தியை மூடும் பிளாஸ்டிக் ஷீட்டும்தான் வழி என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்திருக்கும், ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இத்தனைக்கும் சொட்டு நீர் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் சொட்டு நீரில் உரத்தையும் அளந்து விடும் துல்லியப் பண்ணையத் திட்டம் 2004-05இல் தொடங்கியதே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான், மூன்று வருடத்தில் 400 ஹெக்டேர். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், பக்கத்து ஊர்க் கொல்லையில் கறுப்புக் குழாயைப் பாம்பு என்று நினைத்து ஓடியிருக்கிறேன். இப்போது சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தால் குழாய் வந்துவிடும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 5 அடிக்கு ஒரு மேட்டுப்பாத்தி, ஆக 50 சென்டில் சுமாராக 1,350 மீட்டர் நீளத்துக்குப் பாத்தி. 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர், அதாவது தண்ணீர் சொட்டும் வாய், உள்ளேயே பதித்த இன்லைன் குழாய், கிட்டத்தட்ட 3,400 டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடினால் 6,800 லிட்டர். இதே நிலத்தில் வாய்க்கால் வெட்டி 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஒரு தடவைக்கே ஒரு லட்சம் லிட்டர், வாரத்துக்கு ஒரு தடவை அப்படிக் கட்ட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் சொட்டவிட்டாலும் வாரக் கணக்கில் பாதிகூட வராது.

சிக்கல் கண்ணில்தான் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் கண்ணுக்குத் தெரியும், மடை திருப்பியவனுக்கு ஒரு நிம்மதி. சொட்டு நீர் போட்டு அதன் மேல் ஷீட்டையும் இழுத்துக் கட்டிவிட்டால் எதுவுமே தெரியாது. "தண்ணி எங்கடா போகுது?" என்று அப்பா தினமும் கேட்பார், நான் அந்தப் பக்கம் போனதும் இன்னொரு மணி நேரம் மோட்டாரைப் போட்டுவிடுவார். எனக்குத் தெரியாது. இருபது நாளில் செடி வெளிறிப்போய் நின்றது. சத்துக் குறைவு என்று நினைத்து வென்சுரியில் (உரக் கரைசலை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் கருவி) 19:19:19 உரத்தை, அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளதை, கூட்டி விட்டேன், இன்னும் மோசம். கடைசியில் ஒரு பாத்தியில் ஷீட்டைக் கிழித்துக் கையை விட்டால் உள்ளே சேறு! செம்மண்ணில் தண்ணீர் முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே இறங்கும், கரிசலில்தான் பூசணி மாதிரிப் பக்கவாட்டில் பரவும். நான் காசு கொடுத்து வாங்கிய உரமெல்லாம் வேரைத் தாண்டிக் கீழே போய்விட்டிருக்கிறது.

அதற்கப்புறம் ஒரே வழக்கம்தான். காலையில் நாலைந்து இடத்தில் நடவு ஓட்டை வழியாக விரலை விட்டு மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்ப்பது. உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் இன்றைக்கு வழக்கமான அளவு போதும். கையில் ஒட்டினால் மோட்டார் வேண்டாம். உருண்டையே வரவில்லையென்றால் கூட்ட வேண்டும். செம்மண்ணுக்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் விடுவதைவிடக் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி நல்லது.

அடைப்பு இன்னொரு தலைவலி. எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குழாய் போட வந்தவர்கள் "சின்ன ஃபில்டர் போதும் சார்" என்று சொல்லிப் போய்விட்டார்கள், கரைந்திருக்கும் உப்பை எந்த ஃபில்டரும் பிடிக்காது என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். கடைசிப் பாத்திச் செடிகள் மட்டும் வாடுகிறதென்றால் முதலில் டிரிப்பரைப் பாருங்கள், மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஃபில்டரை அடிக்கடி கழுவுகிறேன், வாரம் ஒருநாள் குழாய் முனைகளைத் திறந்து அழுக்கை வெளியேற்றுகிறேன், அவ்வப்போது ஆசிட் கலந்து விடுகிறேன். ஆசிடைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிடில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். நான் போட்டது 25 மைக்ரான், 400 மீட்டர் ரோல் நாலு. வெள்ளிப் பக்கம் மேலே, கறுப்புப் பக்கம் கீழே. வெள்ளியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் வெள்ளை ஈயும் இலைப்பேனும் கொஞ்சம் விலகும், கறுப்பில் வெளிச்சம் புகாததால் களை வராது. ஆனால் கோரை வரும், அதன் ஊசி முனை ஷீட்டையே குத்திக்கொண்டு வெளியே வருகிறது. அப்புறம், தளர்வாகப் போட்டால் குழி விழுந்து மழைத் தண்ணீர் தேங்கும், காற்றில் படபடத்துக் கிழியும். நாற்றைச் சாயங்காலம் நடுங்கள். நான் உச்சி வெயிலில் நட்டு, ஓட்டை வழியாக வந்த சூட்டில் தண்டு கருகி ஐம்பது அறுபது நாற்று போனது.

களையெடுப்புக் கூலி மிச்சம், உண்மை. எரிச்சல் அறுவடை முடிந்த பிறகுதான். தக்காளிக்குப் பின் அதே ஓட்டையில் பீர்க்கங்காய் ஊன்றினேன், அது முடிவதற்குள் ஷீட் நொறுங்க ஆரம்பித்துவிட்டது. உருவினால் துண்டு துண்டாக வருகிறது, பாதி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. மண் ஒட்டியிருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரரும் எடுப்பதில்லை. கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தப் புகை ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. கிணற்று மேட்டில் பதினோரு சாக்கு மூட்டை நிற்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதனால் இந்தத் தடவை கத்தரிக்குப் பாதி நிலத்தில் ஷீட், மீதிப் பாதியில் ஷீட்டுக்குப் பதில் கரும்புச் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை. சொட்டு நீர் இரண்டுக்கும் உண்டு. சோகைக்குக் காசு அதிகமில்லை, ஏற்றி இறக்கும் கூலிதான். கறையான் வரும் என்கிறார் அப்பா, வரலாம். நாளைக்கு டிராக்டர் சொல்லியிருக்கிறேன்.