புறப்படும் முன் நிறம் மாறும் பறவைகள்: தை முதல் பங்குனி வரை

புதுப் பறவை தேடி ஏரி ஏரியாக அலைவதை இந்தப் பனிக்காலத்தில் ஒத்திவைத்தேன். ஒரே ஏரிக்கரை, நன்றாகப் பழகிய நாலைந்து பறவைகள், தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை அவற்றின் இறகில் என்னென்ன மாறுகிறது என்று மட்டும் பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம். வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பும் முன் இனப்பெருக்கக் காலத்து நிறத்துக்கு மாறும் என்று எல்லோரும் படித்திருப்போம். அது வாராவாரம் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தால் விட மனசு வராது.

ஒவ்வொரு பறவைக்கும் வெறும் கோட்டுருவம் வரைந்து, நிறைய ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். கரையில் உட்கார்ந்து அன்று கண்ட நிறத்தை வண்ணப் பென்சிலால் நிரப்பித் தேதி போடுவேன். கேமராவைவிட இதுதான் கைகொடுத்தது. வண்ணம் தீட்ட வேண்டுமென்றால் மஞ்சள் எதுவரை, வெள்ளை எங்கே என்று பார்த்தே ஆக வேண்டும். வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

அதிகம் கற்றுக்கொடுத்தது மஞ்சள் வாலாட்டி. மேயும் மாடுகளின் காலடியில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும் சின்னப் பறவை. தையில் பார்த்தவற்றில் பாதி, பெயரில் இருக்கும் மஞ்சளே இல்லாமல் வெளிறிக் கிடந்தன. மாசி பாதியில் ஒன்று மிக அருகில் வந்தது. நெஞ்சில் அழுக்கு வெள்ளைக்கு நடுவே அங்கங்கே பளிச்சென்று மஞ்சள் திட்டு, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. பழைய இறகு உதிர்ந்த இடத்தில் புதியது முளைத்திருக்கிறது. பங்குனி நெருங்க நெருங்கத் திட்டுகள் ஒன்றுசேர்ந்துவிட்டன. தலையின் நிறமும் அப்போதுதான் தெளிகிறது. சாம்பல் தலையா, கருந்தலையா என்று உள்ளினம் (ஒரே இனத்துக்குள் இருக்கும் பிரிவு) பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

நீண்ட அலகால் சேற்றைத் துழாவும் கருவால் மூக்கனில் மாற்றம் கழுத்திலும் நெஞ்சிலும். சாம்பல் பழுப்பாக இருந்தது செங்கல் நிறத்துக்கு ஏறும். ஆணில் அழுத்தமாக, பெண்ணில் மங்கலாக. கூட்டத்தில் சில மாறவே மாறாது. பெரும்பாலும் அவை முதல் வருட இளம்பறவைகள். அவற்றில் பல இந்தக் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். ஆகவே வைகாசியில் வலசைப் பறவை கண்ணில் பட்டால் அடிபட்ட பறவை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

தண்ணீருக்கு மேலே பறந்து இரை பிடிக்கும் மீசை ஆலாவுக்கு உச்சந்தலை கறுத்து, வயிறும் அடர்சாம்பலாகிறது. அப்போதுதான் கன்னத்தில் வெள்ளை மீசை தெரிகிறது. பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் பழுப்புத்தலைக் கடற்காகத்தைக் (பெயர்தான் காகம், இது வெள்ளையும் சாம்பலுமான நீர்ப்பறவை) கவனிக்கலாம். குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டுதான் இருக்கும். லடாக், திபெத் ஏரிகளுக்குக் கிளம்பும் முன் தலை முழுக்கப் பழுப்பு முக்காடு வந்துவிடும்.

அப்புறம் மைனா குடும்பத்துச் சூறைக்குருவி. இது இறகை உதிர்க்காமலே நிறம் மாறுகிற ஆள்! புது இறகுகளின் நுனியில் மங்கலான விளிம்பு இருக்கும். மாதக்கணக்கில் உராய்ந்து அது தேய்ந்துபோக, அடியில் இருக்கும் ரோஜா நிறமும் பளபளக்கும் கறுப்பும் வெளியே வருகின்றன. இந்தப் பருவத்தில் பூத்து நிற்கும் கல்யாண முருங்கைக்கும் இலவ மரத்துக்கும் தேன் குடிக்கக் கூட்டமாக வருவதால் தேடி அலைய வேண்டியதில்லை. இலையில்லாத கிளை, மறைப்பே கிடையாது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்.

இவ்வளவையும் இங்கேயே முடித்துக்கொண்டு போவதற்குக் காரணம் உண்டு. வடக்கே கோடை குறுகியது. போய்ச் சேர்ந்ததும் இணை தேட வேண்டும், கூடு கட்ட வேண்டும். புது இறகு வளர்க்கவும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கவும் தேவையான தீனி நம் ஏரிச் சேற்றிலும் வயலிலும்தான் கிடைக்கிறது. அதனால்தான் மாசி பங்குனியில் ஏரியை வற்றவிட்டு மண் அள்ளுவதையும், கரையில் பறவைகளை நாய்கள் விரட்ட விடுவதையும் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னும் நகல்கள் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொரு இனமும் கடைசியாக எந்தத் தேதியில் கண்ணில் பட்டது என்பதையும் அதே தாளில் குறித்து வருகிறேன். வாலாட்டிகள் குறையத் தொடங்கிவிட்டன, சூறைக்குருவிகள் இன்னும் போகவில்லை.