எத்0-வை ப்ராமிஸ்குயஸ் மோடுக்குத் தள்ளியது யார்? கோத்தகிரி வீட்டு நெட்வொர்க்கில் பார்த்தவை

கருவிகள்: ராஸ்பெர்ரி பை 4 (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி), அதில் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்), 5 போர்ட் சாதா ஸ்விட்ச், ஃபைபர் ரவுட்டர். ஐப்பசி மழையில் கோத்தகிரியில் கரண்ட் போய்ப் போய் வரும். பை ரீபூட் ஆகும்போதெல்லாம் டிமெஸ்ஜியில் (லினக்ஸின் மையமான கர்னலின் லாக்கைக் காட்டும் கட்டளை) ஒரு வரி வரும்: இன்ன டிவைஸ் ப்ராமிஸ்குயஸ் மோடுக்குள் நுழைந்தது என்று. யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பதறத் தேவையில்லை. முதலில் டிவைஸின் பெயரைப் பாருங்கள்.

நெட்வொர்க் கார்டு சாதாரணமாகத் தன் மேக் முகவரிக்கு (கார்டின் அடையாள எண்) வரும் ஃப்ரேம் (தரவுப் பொட்டலம்), எல்லோருக்குமான பிராட்காஸ்ட், தான் சேர்ந்திருக்கும் குழுவுக்கான மல்டிகாஸ்ட் ஆகியவற்றை மட்டும் வாங்கும். மற்றதை ஹார்ட்வேரிலேயே தள்ளிவிடும். ப்ராமிஸ்குயஸ் மோடில் அந்தச் சல்லடை கழன்றுவிடும். வருவதெல்லாம் கர்னலுக்குப் போகும்.

பெயர் 'வெத்' என்று தொடங்கினால் டாக்கர்தான். ஒவ்வொரு கன்டெய்னரையும் பிரிட்ஜில் (கர்னலுக்குள் ஓடும் மென்பொருள் ஸ்விட்ச்) கோர்க்கும்போது அந்த வரி விழும். பிரிட்ஜ் அடுத்தவர் மேக்குக்குப் போகும் ஃப்ரேமையும் வாங்கிக் கடத்த வேண்டும், வேறு வழியில்லை. இதை அப்படியே விட்டுவிடலாம். பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. இன்டர்நெட் வரும்வரை லாக்கில் இருக்கும் தேதியை நம்ப வேண்டாம், பூட்டிலிருந்து எத்தனையாவது விநாடி என்பதைப் பாருங்கள்.

பெயர் 'எத்0' (பையின் கேபிள் போர்ட்) என்றால்தான் விசாரணை. டிசிபிடம்ப்பை (நெட்வொர்க் டிராஃபிக்கைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டியதும் லாக்கில் வரி வந்தது. ஆனால் 'ஐபி லிங்க்' வெளியீட்டில் ப்ராமிஸ்க் என்ற கொடி இல்லை! குழப்பம் இங்கேதான். டிசிபிடம்ப், வயர்ஷார்க் போன்றவை இந்த மோடைப் பாக்கெட் சாக்கெட் (ஃப்ரேமை நேரடியாக வாங்க புரோகிராம் திறக்கும் வழி) மூலம் கர்னலிடம் கேட்கின்றன. கர்னல் அதைத் தனி எண்ணிக்கையாக வைத்துக்கொள்கிறது. 'ஐபி -டி லிங்க்' போட்டால் ப்ராமிஸ்குயிட்டி 1 என்று தெரியும். இன்னொரு டிசிபிடம்ப் திறந்தால் 2. இரண்டையும் மூடிய பிறகுதான் 'வெளியேறியது' வரி வரும். சிஸ் கோப்பகத்தில் எத்0-வின் ஃப்ளாக்ஸ் கோப்பும் உண்மையைச் சொல்லும்: ஹெக்ஸில் 1003 என்று இருந்தது 1103 ஆகும்.

மோடைக் கேட்ட புரோகிராம் எது என்று அறிய ரூட்டாக 'எஸ்எஸ் -0 -பி'. திறந்திருக்கும் பாக்கெட் சாக்கெட்டும் அதன் பிராசஸ் பெயரும் வரும். ஐபி முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி கிளையன்டும் இதில் தலைகாட்டலாம். அதை மட்டும் வைத்துச் சந்தேகப்படக் கூடாது. ஆர்ப்வாட்ச், ஸ்நார்ட், சுரிகாட்டா ஆகிய கண்காணிப்புக் கருவிகள் வழக்கமாக இந்த மோடைக் கேட்பவை. டிசிபிடம்ப்பைக் கில் -9 போட்டுக் கொன்றாலும் கர்னலே கணக்கைக் கழித்துவிடும். கையால் 'ஐபி லிங்க் செட்' வழியாக ஆன் செய்ததோ, ஆஃப் செய்யும்வரை அப்படியே நிற்கும்.

எத்0-வைப் பிரிட்ஜில் (பெயர் பிஆர்0) சேர்த்துப் பார்க்கும் சோதனையை எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நுழைவது) வழியாகச் செய்யாதீர்கள். எத்0-வை பிஆர்0-வில் சேர்த்த கணமே தொடர்பு அறுந்துவிடும், ஏனென்றால் ஐபி முகவரி இனி பிஆர்0-வில் இருக்க வேண்டும். மானிட்டரும் கீபோர்டும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். வைஃபைக்கு இந்த வேலையே நடக்காது: கிளையன்டாக இணைந்த டபிள்யூலான்0-வை (வைஃபை டிவைஸ்) பிரிட்ஜில் சேர்க்கக் கர்னல் மறுத்துவிடும். அக்கம்பக்கத்து ஃப்ரேம்களைப் பார்க்க அங்கே மானிட்டர் மோடு (காற்றில் வரும் வைஃபை ஃப்ரேம்களை அப்படியே பிடிக்கும் நிலை) வேண்டும், அப்போதும் என்கிரிப்ஷன் தடுக்கும்.

மோடு ஆன் ஆனதாலேயே பக்கத்து அறை லேப்டாப்பின் டிராஃபிக் வந்துவிடவில்லை. வந்தது ஆர்ப் கேள்விகள் ('இந்த ஐபியின் மேக் எது?'), எம்டிஎன்எஸ் (வீட்டுக்குள் பெயர் தேடும் மல்டிகாஸ்ட்), அவ்வளவுதான். ஸ்விட்ச் மேக் முகவரியைப் படித்துவைத்து அந்தந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. மற்றதைப் பார்க்க போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் டிராஃபிக்கை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) உள்ள ஸ்விட்ச் தேவை, அல்லது எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் பழைய ஹப்.

வெளியிலிருந்து கண்டுபிடிக்கும் தந்திரமும் வேலை செய்தது. பிராட்காஸ்ட் மேக்கின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி (எஃப்எஃப்-க்குப் பதில் எஃப்இ) ஆர்ப் கேள்வி அனுப்ப வேண்டும். சாதாரணக் கார்டு தூக்கியெறியும். ப்ராமிஸ்குயஸில் இருந்தால் லினக்ஸ் அதை மல்டிகாஸ்ட் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். என்மேப் எனும் நெட்வொர்க் ஸ்கேனரில் ஸ்னிஃபர்-டிடெக்ட் ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்கிறது. ஆனால் எத்0-வை பிரிட்ஜில் கோர்த்த அப்பாவி மெஷினும் இதற்குப் பதில் சொல்லும். பதில் வந்தால் அந்த மெஷினில் உட்கார்ந்து 'எஸ்எஸ்' போட்டுப் பார்ப்பதே அடுத்த வேலை.