போன தடவைதான் வந்துட்டுப் போச்சே!

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் காரைக்குடியில் எங்கள் லேபில் உட்கார இடம் இருக்காது. டெங்கு ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எவ்வளவு?”

அப்படி ஒரு மழை நாளில், சென்னையில் படிக்கிற பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆச்சி வந்தார். டெங்கு என்றதும் நம்பவில்லை. “அதான் முன்னாடியே வந்துட்டுப் போச்சே தம்பி, திரும்ப எப்படி வரும்?”

அம்மைக்குப் பார்க்கிற கணக்கு டெங்குவுக்கு ஒத்துவராது. இந்த வைரஸில் நாலு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகை ஆயுசுக்கும் அண்டாது. மற்ற மூன்றுக்கும் சில மாதத்துப் பாதுகாப்புதான். அப்புறம் வேறு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதைப் பிடிக்கும், ஆனால் கொல்லாது. பிடித்தபடியே வெள்ளணுக்களுக்குள் கொண்டு சேர்த்துவிடும், வைரஸ் அங்கே பெருகும். காவலுக்கு வைத்த ஆளே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. 1960களில் பாங்காக்கில் குழந்தைகளைக் கவனித்த ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் இந்த வழியில்தான் யோசித்தார். கியூபாவில் நடந்தது இதற்கு ஓர் உதாரணம்: 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். அதற்காக இரண்டாம் தடவை வந்தாலே ஆபத்து என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது பிளேட்லெட்டை அல்ல, பிசிவியை; ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்கிற எண் அது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். அந்தப் பையனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆச்சிக்கு நிம்மதி. ஆனால் வயிற்றுவலி, ஓயாத வாந்தி. 37 இருந்த பிசிவி 45. கசிவு தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாளில்தான். டாக்டருக்கு உடனே போன் போட்டேன். அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் இட்லி கேட்டானாம். பிளேட்லெட் ஏற்றவே இல்லை. ஆச்சிக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்தான்.

எந்த வகை என்று எங்கள் சாதாரண ரிப்போர்ட்டில் தெரியாது. முன்பு டெங்கு வந்திருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய ரிப்போர்ட் பீரோவில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.